இழுப்பது பெரிய விஷயமில்லை: டிராவல் டிரெய்லரின் கதை

'கேரவன்' என்றால் நமக்கு ஷூட்டிங் நடக்கும் இடத்தில் ஹீரோ ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. ஒட்டகங்களோடு கூட்டமாகப் போகும் வணிகர்களுக்கு அங்கே அந்தப் பெயர். ஆங்கிலேயர்கள் அதே சொல்லை எடுத்து, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் குட்டி வீட்டுக்கு வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் அதற்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் இருக்கும். எஞ்சின் மட்டும் இருக்காது. இழுக்க நம் வண்டி வேண்டும்.

பூனாவில் உட்கார்ந்துகொண்டு இதை எதற்கு எழுதுகிறான் என்று கேட்பீர்கள். இங்கே எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு மகனோ மகளோ தம்பியோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஆறு மாதம் தங்கப் போகும் அப்பா அம்மாவை யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று கூட்டிப்போக வேண்டும். ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாது, அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. 'ஒரு டிரெய்லர் வாங்கிவிடலாமா?' என்ற பேச்சு அப்படித்தான் ஆரம்பிக்கிறது. என் சித்தப்பா மகனும் போனில் கேட்டான். "அண்ணா, என் வண்டி 9,000 பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கான். நான் பார்த்து வச்சிருக்கிற டிரெய்லர் 6,000தான். தாராளமா போதும்ல?"

இழுக்கும், சந்தேகமில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வேண்டிய நேரத்தில் நிறுத்த முடியுமா? ஆடாமல் வருமா? இழுக்கிற வண்டியின் முதுகு தாங்குமா? அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்த அளவு டிரெய்லர் இழுக்கச் சாதாரண கார் லைசன்ஸே போதும். அதாவது, இந்த மூன்று கேள்விகளையும் நம்மிடம் அதிகாரிகள் யாரும் கேட்கப் போவதில்லை. நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்லவேளையாக, நூற்று நாற்பது வருடமாக இழுத்தவர்கள் பட்ட பாடு நமக்குப் பாடமாக இருக்கிறது.

குதிரையில் தொடங்கியது

பொழுதுபோக்குக்காக வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றியவர்களில் முதல் பெயராகச் சொல்லப்படுவது வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்துக்காரர், கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதியவர். 1885-ல் பிரிஸ்டலில் ரயில் பெட்டிகள் கட்டும் பட்டறையில் சொல்லி 18 அடி நீளத்தில் ஒரு வண்டி செய்துகொண்டார். பெயர் 'வாண்டரர்'. சாமான்களோடு ஏறத்தாழ இரண்டு டன். இரண்டு குதிரைகள் இழுக்க, அந்த வருடமே தெற்கு இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். வண்டி இன்னும் பத்திரமாக இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவருடைய பணியாள் ஒரு மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போனதுதான். குறுகலான கிராமத்துச் சாலையில் இத்தனை பெரிய வண்டி வருகிறது என்று எதிரே வருபவர்களுக்குச் சொல்லவும், வழி எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் ஒரு ஆள்.

இன்றைக்கும் இது முதல் பாடம். கிளம்புவதற்கு முன் வழியைப் பார்த்து வையுங்கள். உங்கள் டிரெய்லரின் உயரத்தை, கூரை மேல் இருக்கும் ஏசியையும் சேர்த்து அளந்து, ஒரு சீட்டில் எழுதி டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். தாழ்வான பாலங்கள் எந்த ஊரிலும் உண்டு. கார்களுக்கான மேப் அதைச் சொல்லாது. பெட்ரோல் பங்குக்குள் நுழைவதற்கு முன் வெளியே வரும் வழி தெரிகிறதா என்று பாருங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் கட்டாயம் இறங்கி, டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். ரிவர்ஸில் டிரெய்லர் நாம் திருப்புவதற்கு எதிர்ப்பக்கம் போகும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை போகும் பக்கமே டிரெய்லர் போகும்.

மழையில் நனைந்த குடும்பம்

கார் வந்தபின் அமெரிக்கர்கள் சும்மா இருப்பார்களா? 1919-ல் புளோரிடாவின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். காரோடு கூடாரத்தையும் கட்டிக்கொண்டு, டப்பா உணவு சாப்பிட்டு ஊர் சுற்றியவர்கள். அதே 1919-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் எக்கிள்ஸ் என்ற நிறுவனம் கார் இழுக்கும் கேரவனைச் செய்து விற்க ஆரம்பித்தது.

டெட்ராய்டில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒருவர், பாக்டீரியா ஆராய்ச்சியாளர். 1920-களின் கடைசியில் குடும்பத்தோடு முகாமுக்குப் போக மடக்கு டிரெய்லர் ஒன்றை வாங்கினார். சில நிமிடத்தில் விரித்துவிடலாம் என்று விளம்பரம். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் விரிந்தபாடில்லை, குடும்பமே நனைந்தது. கோபத்தோடு வீட்டுக்கு வந்தவர், மடக்கவே வேண்டாத, சுவரும் கூரையும் உள்ள பெட்டி ஒன்றைத் தானே வடிவமைத்துச் செய்தார். அக்கம்பக்கத்தில் பார்த்தவர்களெல்லாம் கேட்க, 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் வைத்தார். அடுத்த சில வருடங்களில் அவருடைய 'கவர்டு வேகன்' கம்பெனி நாட்டிலேயே பெரிய டிரெய்லர் கம்பெனியாகிவிட்டது.

மழைக்குப் பயந்து பிறந்த பொருளுக்கு மழைதான் இன்றுவரை முதல் எதிரி. மரச்சட்டத்தின் மேல் பலகையோ தகடோ அடித்த சுவர், மூட்டுகளில் பசை பூசிய கூரை. சாலையில் போகும்போது முழு வீடும் நடுங்குவதால் அந்த மூட்டுகள் மெல்ல விட்டுக்கொடுக்கும். ஒரு சின்ன விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே தெரியாமல் சட்டத்தை உளுக்க வைத்துவிடும். பழைய டிரெய்லர் பார்க்கப் போனால் டிவியையும் சோபாவையும் அப்புறம் பாருங்கள். முதலில் மூக்கை நம்புங்கள். பூஞ்சை வாடை வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மூலைகளில் சுவரையும், குளியலறை ஓரத்தில் தரையையும் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் அதுதான் பதில். புதிதாக வாங்கினாலும் வருடத்துக்கு இரண்டு தடவை கூரை மேல் மூட்டுகளைச் சோதித்து, விட்ட இடத்தில் பசை பூச வேண்டும்.

டயரும் அப்படித்தான். டிரெய்லர் வருடத்தில் பெரும்பாலான நாள் நின்றுகொண்டே இருப்பதால், டயர் தேய்வதற்குள் கிழடாகிவிடும். பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் பொறித்திருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

எடை குறைத்தவர்கள்

1934-ல் ஹாலி பவுலஸ் என்ற கிளைடர் விமானக்காரர் 'ரோடு சீஃப்' என்று பளபளக்கும் அலுமினிய டிரெய்லர் ஒன்றைச் செய்தார். லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டிய குழுவில் இருந்தவர் இவர். விமான உடம்பு போலவே ஆணியடித்த தகடு, காற்றைக் கிழிக்கும் வடிவம். ஆனால் வாசலை முன்பக்கம், இழுவைக் கம்பிக்கு மேலேயே வைத்துவிட்டார். ஏறி இறங்குவதே வித்தை. கம்பெனி 1936-ல் நொடித்துப் போனது. அதே வடிவத்தைத் திருத்தி, வாசலைப் பக்கவாட்டுக்கு மாற்றி, அந்த வருடமே 'கிளிப்பர்' என்று கொண்டுவந்தவர் வாலி பயாம். அவருடைய ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி இன்றும் இருக்கிறது.

பயாம் பின்னாளில் கூட்டமாக டிரெய்லர் பயணங்கள் நடத்தினார். 1959-ல் ஆப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து 41 டிரெய்லர்களோடு கிளம்பி கெய்ரோ வரை போனதைப் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1951-ல் மெக்சிகோ வழியாக மத்திய அமெரிக்காவுக்குப் போன முதல் பயணம்தான். 63 டிரெய்லர்கள் கிளம்பின. நிகராகுவாவின் மனாகுவாவுக்குப் போய்ச் சேர்ந்தவை 14. பாக்கி எல்லாம் வழியிலேயே ஓய்ந்துவிட்டன. கேப்டவுன் பயணம் இதற்குப் பிறகுதான்.

ஆகவே டிரெய்லர் வாங்கிய கையோடு இரண்டாயிரம் மைல் தள்ளி கிராண்ட் கேன்யன் கிளம்பாதீர்கள். முதல் ராத்திரி வீட்டு வாசலிலேயே படுங்கள். இரண்டாவது தடவை ஐம்பது மைல் தூரத்தில் ஒரு முகாம். எதை மறந்தோம், எது ஒழுகுகிறது, எது ஆடுகிறது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். சக்கர நட்டுகளை முதல் ஐம்பது மைலில் நிறுத்தி மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதும் இந்த வகைப் பாடம்தான். புதுச் சக்கரம் ஓடும்போது நட்டு கொஞ்சம் தளரும்.

கல் பொறுக்கிய மணப்பெண்

1954-ல் வந்த ஹாலிவுட் படம் 'தி லாங், லாங் டிரெய்லர்'. லூசில் பால், டேசி ஆர்னாஸ் நடித்தது. புதுமணத் தம்பதி நீளமான டிரெய்லர் ஒன்றை வாங்கிக்கொண்டு தேனிலவு போகிறார்கள். போகிற ஊரிலெல்லாம் மனைவி ஞாபகார்த்தமாகக் கல் பொறுக்கிச் சேர்க்கிறாள். தூக்கிப் போடு என்று கணவன் சொல்லியும் உள்ளே ஒளித்து வைக்கிறாள். அதோடு செங்குத்தான மலைப்பாதை ஏறும்போது என்ன ஆகிறது என்பதுதான் படம். நகைச்சுவைப் படம்தான், ஆனாலும் டிரெய்லர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் பார்க்கச் சொல்லும் படம் அதுவே. நம் வீட்டில் கல்லுக்குப் பதில் அரிசி மூட்டை, டேபிள் டாப் கிரைண்டர், பத்து லிட்டர் குக்கர். கணவன்மார்கள் சிரிக்க வேண்டாம். ஜெனரேட்டரும் பார்பிக்யூ அடுப்பும் யார் ஏற்றியது? :-)

அதே 1954-ல் எல்மர் ஃப்ரே என்ற விஸ்கான்சின்காரர் பத்தடி அகல டிரெய்லரைக் கொண்டுவந்தார். அதுவரை சாலையில் போக எட்டடிதான் கணக்கு. பத்தடி வந்ததும் பாதை பிரிந்துவிட்டது. ஒரு தடவை லாரியில் கொண்டுபோய் இறக்கிக் குடியிருப்பது ஒரு வகை, நாமே இழுத்துப் போய் ஊர் பார்ப்பது இன்னொரு வகை. நாம் பேசுவது இரண்டாவது. அதில் எடைதான் எல்லாம்.

விளம்பரத்தில் போடும் 'உலர் எடை' காலி டிரெய்லரின் எடை. தண்ணீர், துணிமணி, பாத்திரம் எதுவும் அதில் சேராது. நாற்பது கேலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டுக்கு மேல். அதனால் உலர் எடையை மறந்துவிட்டு, டிரெய்லரின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 'அதிகபட்ச மொத்த எடை' என்ன என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள். பிறகு எல்லாச் சாமானும் ஏற்றி, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் எடைமேடையில் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். கொஞ்சம் டாலர், கால் மணி நேரம். இந்தப் பதிவில் ஒரே ஒரு யோசனையை மட்டும் கடைப்பிடிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

9,000 பவுண்டு என்றால் என்ன?

இப்போது தம்பியின் கேள்வி. இத்தனை பவுண்டு இழுக்கும் என்று கார் கம்பெனிகள் சொல்லும் கணக்கு வெகுநாள் அவரவர் இஷ்டம்தான். பொதுவான சோதனை முறை கிடையாது. 2008-ல்தான் ஜே 2807 என்ற பொது அளவுகோல் வந்தது. 2011 மாடல் டண்ட்ராவோடு டொயோட்டா முதலில் ஏற்றது. மற்ற பெரிய கம்பெனிகள் சில வருடம் கழித்து வந்தன. அரிசோனா பாலைவனத்தில் டேவிஸ் அணைக்கட்டு ஏற்றம் என்று சுமார் 18 கிலோமீட்டர் சாலை. கோடை வெயிலில், ஏசியை முழுக்கப் போட்டுக்கொண்டு, வேகம் ரொம்பக் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும் என்பது அதில் ஒரு சோதனை. நல்ல சோதனைதான். ஆனால் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. அதாவது 68 கிலோ. நம் குடும்பத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று. 1,500 என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா: ஆறு பேர் சேர்ந்து 750 பவுண்டு. 6,000 பவுண்டு டிரெய்லர் தன் எடையில் சுமார் 12 சதவீதத்தை இழுக்கிற வண்டியின் முதுகில் வைக்கும். அது 720. கூட்டினால் 1,470. மிச்சம் 30 பவுண்டு. இணைக்கும் இரும்புச் சாமானே அதைத் தாண்டிவிடும். பெட்டி, கூலர் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. 9,000 பவுண்டு இழுக்கும் வண்டியில் 6,000 பவுண்டுக்கே இடமில்லை!

முன்பாரம், பின்பாரம்

அது என்ன 12 சதவீதம்? டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தை அமெரிக்கர்கள் 'நாக்கு' என்கிறார்கள், ஆங்கிலேயர்கள் 'மூக்கு' என்கிறார்கள். நமக்கு இரண்டும் வேண்டாம், மாட்டு வண்டிச் சொல்லே இருக்கிறது. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினால் கழுத்தை அழுத்தும். வண்டிக்காரர் மூட்டையை நகர்த்தி நகர்த்திச் சரி செய்வார்.

டிரெய்லரில் மாடு சொல்லாது, சாலைதான் சொல்லும். பின்பாரம் இருந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் இழுக்கிற வண்டியையே புரட்டிவிடும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. கனமான சாமான் அச்சுக்கு மேலோ சற்று முன்போ, தரையோடு இருக்கட்டும். பின்பக்கம் சைக்கிள் தாங்கி மாட்டி நாலு சைக்கிள் தொங்கவிடுவது பின்பாரத்தை நாமே விலைக்கு வாங்குவது.

முன்பாரத்தால் காரின் பின்பக்கம் குந்தி, முன் சக்கரம் லேசாகிவிட்டால் ஸ்டியரிங் பிடி தளரும். அதற்குத்தான் எடையை முன் சக்கரத்துக்கும் பகிரும் வில்கம்பி வைத்த இணைப்பு. அது எடையைப் பகிருமே தவிர, குறைக்காது.

ஆட்டம் கண்டுவிட்டால்? கார் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள். பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் நேராகிவிடும். பிறகு ஓரம் கட்டி, சாமானை இடம் மாற்றி அடுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நிறுத்துவது

டிரெய்லருக்குத் தனி பிரேக்கா என்று கேட்டால், அதற்கும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வேகமானி செய்து பேர் வாங்கிய ஆர்தர் வார்னர், 1927-ல் விஸ்கான்சினின் பெலாய்ட் நகரில் மின்சார பிரேக் கம்பெனி தொடங்கினார். சக்கரத்துக்குள் ஒரு மின்காந்தம். டிரைவர் பிரேக் மிதித்ததும் கம்பி வழியே மின்சாரம் போய்க் காந்தம் சுற்றும் உருளையைப் பிடிக்க, அந்த இழுப்பில் பிரேக் கட்டை அழுந்தும். இன்றைய அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலும் இதே தத்துவம்தான். டிரைவர் அருகே ஒரு சின்னக் கருவி அதைக் கட்டுப்படுத்தும். ஆட்டத்தின்போது கையால் கொடுக்கச் சொன்ன பிரேக் இதில்தான் இருக்கிறது. அந்தக் கருவி இல்லாமல் பெரிய டிரெய்லரைத் தொடவே வேண்டாம்.

இறக்கத்தில் எந்தப் பிரேக்கையும் நம்பிப் பயனில்லை, சூடேறினால் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று நம் மலைச்சாலை லாரி டிரைவர்கள் சொல்வது ராக்கி மலைக்கும் பொருந்தும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

இணைக்கும்போது: பந்தின் மேல் பொறித்த அளவும், அதன் மேல் உட்காரும் கிண்ணத்தின் அளவும் ஒன்றா என்று படித்துப் பாருங்கள். பூட்டியபின் ஜாக்கியால் டிரெய்லர் முன்பக்கத்தைத் தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரியாகப் பிடித்திருக்கிறது. சங்கிலி இரண்டையும் அடியில் குறுக்காக மாட்டுங்கள். பந்து கழன்றாலும் நாக்கு ரோட்டில் குத்தாமல் அந்தத் தொட்டில் தாங்கும். கழன்றால் தானாக பிரேக் போடும் மெல்லிய கம்பியைச் சங்கிலியோடு மாட்டாமல், காரில் தனியாக மாட்டுங்கள். முகாமில் கழற்றும்போது முதலில் சக்கரத்துக்குக் கட்டை, அப்புறம்தான் கொக்கி. வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது, பாட்டி படுத்துக்கொள்கிறேன் என்றாலும்.

இங்கிலாந்தில் எப்படி?

ஸ்டேபிள்ஸின் நாட்டில் வழக்கம் இன்னும் கறார். புதிதாக இழுப்பவர்கள், சாமான் ஏற்றிய கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். மோட்டார்வேயிலேயே மணிக்கு 60 மைல்தான் உச்சம். 1997-க்குப் பிறகு லைசன்ஸ் எடுத்தவர்கள் பெரிய கேரவன் இழுக்கத் தனிப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். ஆக, பரீட்சை வைத்த நாட்டிலும் இப்போது பொறுப்பு இழுப்பவர் தலையில்தான்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கதவு ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பினான், உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இப்போது 4,000 பவுண்டுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறான். கட்டில் ஒன்று குறையும், பிள்ளைகள் வெளியே கூடாரத்தில் படுக்க வேண்டும். அவர்களுக்கு அதில் சந்தோஷம்தானாம். உங்கள் வீட்டிலும் யாராவது டிரெய்லர் வாங்கும் பேச்சை எடுத்தால், எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் கதவு ஸ்டிக்கரில் என்ன எண் இருக்கிறது என்று கேளுங்கள்.